எதுவும் ஊற்றாத தட்டு

அக்கா,

போன செவ்வாய்க்கிழமை காலை கல்லூரி ஆய்வகத்தில் இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் எலுமிச்சைப்புல் எண்ணெயின் வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. பூஞ்சை வளர்வதற்காக இளஞ்சூட்டில் வைத்திருக்கும் பெட்டி அது. என் மாணவி முந்தின வாரம் பதினைந்து கண்ணாடித் தட்டுகளை அதில் அடுக்கியிருந்தாள். அவற்றில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அழாத குறையாக நின்றாள். "மேடம், கன்ட்ரோல் பிளேட்டுலயும் ஒண்ணும் வளரல. நான் கவனமாத்தான் செஞ்சேன், மேடம்."

கன்ட்ரோல் என்றால் எந்த எண்ணெயும் ஊற்றாத தட்டு. அதில் பூஞ்சை தாராளமாக வளர வேண்டும். அங்கே வளர்ந்தால்தான், மற்றத் தட்டுகளில் வளராமல் போனதற்கு எண்ணெய் காரணம் என்று நாம் சொல்ல முடியும். "தெரியும்மா. எல்லாத்தையும் ஒரே பெட்டியில வெச்சுட்ட. புல்லெண்ணெய் ஆவி எல்லாத் தட்டுக்கும் போயிருச்சு. தனித்தனி டப்பாவுல வெச்சு மறுபடி செய்," என்றேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவள் முகம் தெளிந்து, தட்டுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். நான் கதவைச் சாத்தாமல் அந்த வாசத்தில் நின்றுகொண்டிருந்தேன். இதே மாதிரி ஒரு தட்டோடு, இதே வார்த்தையோடு, பதினெட்டு வருடத்துக்கு முன்னால் நீங்கள் என் எதிரில் நின்றீர்கள். உங்களுக்கு அந்த அரை நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

அப்போது நான் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சேர்வராயன் மலையில் கிடைக்கும் மூலிகைகளின் எண்ணெயை வைத்து, மிளகிலும் காப்பிக்கொட்டையிலும் பிடிக்கும் பூஞ்சையைத் தடுக்க முடியுமா என்று பார்ப்பது என் வேலை. ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டின் பழைய காப்பி குடோனில் இரண்டு அறைகளை வாங்கிச் சுண்ணாம்படித்து அதற்கு ஆய்வகம் என்று பெயரும் வைத்திருந்தோம். என் பேராசிரியர் மாதத்துக்கு இரண்டு முறை ஜீப்பில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் நீங்களும் நானும்தான். நீங்கள் கிளியூர்க்காரர். உங்கள் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ வரை படித்தவர். வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற உதவியாளர் வேலை உங்களுக்கு. என்னைவிட ஆறு வயது மூத்தவர். பேராசிரியர் இருக்கும்வரை நான் 'மேடம்'. ஜீப் கொண்டை ஊசி வளைவில் திரும்பி மறைந்ததும், "போயிட்டாருங் கண்ணு, இனி டீ வெக்கலாம்," என்பீர்கள். எனக்கு அந்தக் 'கண்ணு' பிடித்திருந்தது. வீட்டில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

மாரமங்கலம் பஸ்ஸிலிருந்து ஒரு மூட்டைக் கற்பூரவள்ளி இலையோடு இறங்குவீர்கள். கண்டக்டர் உங்களைப் பார்த்தாலே தலையில் அடித்துக்கொள்வார். அந்த இலையை நாள் முழுக்கக் கொதிக்கவைத்து, ஆவியைக் கண்ணாடிக் குழாயில் குளிரவைத்தால், தண்ணீருக்கு மேலே விரல்நகம் அளவுக்கு மஞ்சளாக எண்ணெய் மிதக்கும். நீங்கள் குனிந்து பார்த்துவிட்டு, "ஒரு மூட்ட எலைக்கு இத்துனூண்டா? மாட்டுக்குப் போட்டிருந்தாப் பாலாவது குடுத்திருக்குமுங்க," என்பீர்கள். ஆனால் அந்த இத்துனூண்டை ஒரு சொட்டுச் சிந்தாமல் பழுப்புக் குப்பியில் இறக்கி, இலை பறித்த இடம், பறித்த நாள், மழையா வெயிலா என்றெல்லாம் சீட்டு எழுதி ஒட்டியது நீங்கள்தான். மழையா வெயிலா என்று எழுதச் சொல்லி நான் சொல்லவேயில்லை.

உங்களுக்குப் பிடித்தது நிறம் மாறுகிற சோதனை. ஆக்சிஜன் பட்டுக் கெட்டுப்போவதைத் தடுக்கும் சக்தி எந்த எண்ணெய்க்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனை அது. கத்திரிப்பூ நிறத்தில் ஒரு கரைசல். சக்தியுள்ள எண்ணெயை விட்டால் அது வெளுத்து மஞ்சளாகிவிடும். துளசி எண்ணெய் விட்ட குழாய் நீங்கள் இருபது எண்ணுவதற்குள் மாறிவிட்டது. புல்லெண்ணெய் விட்ட குழாய் அரைமணி நேரமாகியும் கத்திரிப்பூவாகவே நின்றது. "துளசி பாஸுங்க, புல்லு ஃபெயிலுங்க," என்று அறை அதிர மதிப்பெண் போட்டீர்கள். அடுத்த வாரம் பூஞ்சைச் சோதனையில் அதே புல்தான் மற்ற எல்லா எண்ணெயையும் முந்திக்கொண்டு நின்றது. "அடடா, ஃபெயிலுன்னு சொல்லிட்டனே, பாவம். ஆளுக்கு ஒரு சப்ஜெக்ட்டு இருக்குமுங்க," என்று அந்தக் குப்பியைத் தட்டிக்கொடுத்தீர்கள். ஓர் எண்ணெயைக்கூட அவசரப்பட்டு ஏசிவிட்டோமே என்று வருத்தப்படுகிற ஆள் நீங்கள். எனக்கு அப்போது வாய் நீளம். இப்போதும் அப்படியொன்றும் குட்டையாகிவிடவில்லை.

அந்த ஐப்பசியில் மழை பிடித்ததும் மலையில் எல்லாவற்றிலும் பூஞ்சை பூத்தது. என் செருப்பில் பூத்தது. தோல் பையில் பூத்தது. சான்றிதழ் வைத்திருந்த கோப்பைத் திறந்தால் என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மயிர்ப்படலம். இவ்வளவு பூஞ்சைக்கு நடுவே, நாம் பாலூட்டாத குறையாக வளர்த்த தட்டில் மட்டும் ஒன்றுமில்லை. ஐந்து எண்ணெய்த் தட்டுகளும் சுத்தம், எண்ணெயே ஊற்றாத கன்ட்ரோல் தட்டுகளும் கழுவி வைத்த மாதிரி சுத்தம். மூன்று வாரத்தில் பேராசிரியரிடம் முடிவைக் காட்ட வேண்டும். என் வருடம் முழுக்க அந்தத் தட்டில் போய்விட்டதாக எனக்குத் தோன்றியது.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கத்தினேன்.

"நான் கவனமாத்தானுங்க செஞ்சேன்."

"எண்ணெய்க் கையோட தொட்டீங்களா? தட்டைச் சரியாக் கழுவுனீங்களா?"

நீங்கள் இன்குபேட்டருக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள். "ஏனுங் கண்ணு, எல்லாத்தையும் ஒரே பொட்டிக்குள்ள வெச்சிருக்கோம். புல்லெண்ண வாசம் பொட்டி பூரா நெறஞ்சு கெடக்குது பாருங்க. அந்த வாசத்துலயே பூஞ்ச வராமப் போயிருக்குமுங்க. ஒவ்வொண்ணையும் தனியா ஒரு பிஸ்கட் டப்பாவுல வெச்சுப் பாக்கலாங்களா?"

நான் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். மறந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "வாசத்துக்கே பூஞ்சை செத்துரும்னா ஒரு ஊதுபத்திய கொளுத்தி வெச்சுட்டு ஊட்டுக்குப் போயிரலாமே. பிளஸ் டூ படிச்சுட்டு எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

நீங்கள் தட்டுகளை வாளியில் எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தீர்கள். நான் ஆய்வகக் குறிப்பேட்டைத் திறந்து, 'உதவியாளரின் கவனக்குறைவால் தட்டுகள் அனைத்தும் கெட்டன' என்று எழுதினேன். அந்தக் குறிப்பேட்டில் தினமும் வெப்பநிலையைக் குறிப்பது நீங்கள். மறுநாள் காலை அதைத் திறக்கத்தான் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். திறந்தீர்கள். என் வரிக்குக் கீழே, வழக்கமான உங்கள் குண்டு எழுத்தில், அன்றைய வெப்பநிலையைக் குறித்துவிட்டு மூடி வைத்தீர்கள். அன்றிலிருந்து ஜீப் வராத நாளிலும் நான் மேடம்தான். டீ அப்படியேதான் வந்தது. சர்க்கரைகூடக் குறையவில்லை.

இதோடு நின்றிருந்தால் இளரத்தம், அவசரபுத்தி என்று என்னை நானே மன்னித்திருப்பேன். அடுத்த வாரம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை என்று நீங்கள் இரண்டு நாள் விடுப்பில் போனீர்கள். அந்த நேரம் பார்த்து நான் எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் போய்க் காலி டப்பாக்கள் கேட்டு வாங்கினேன். ஆமாம் அக்கா, பிஸ்கட் டப்பாக்கள்தான். ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு டப்பா, கன்ட்ரோலுக்கு ஒரு டப்பா. ஐந்தாம் நாள் கன்ட்ரோல் தட்டில் விளிம்பு முதல் விளிம்புவரை கறுப்புப் பொடி தூவின மாதிரி பூஞ்சை வளர்ந்து நின்றது. நீங்கள் சொன்னதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேறெதுவும் இருக்க முடியாது. அப்போது நீங்கள் திரும்பி வந்திருந்தீர்கள். மேஜையில் வரிசையாக இருந்த டப்பாக்களைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

"வளந்துருச்சுங்களா, மேடம்?"

"வளந்துருச்சு. இந்தத் தடவ நானே தட்டக் கழுவுனேன்."

அந்தப் பொய்யைச் சொல்லும்போது எனக்கு அது பொய் என்று தெரியும். இத்தனை வருடமாக, அப்போது எனக்கு அவ்வளவாகப் புரியவில்லை, பிறகுதான் எண்ணெயின் ஆவிக்குள்ள சக்தி பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று மனசுக்குள் ஒரு கதை வைத்திருந்தேன். இன்று அது முதுகலைப் பிள்ளைகளுக்கே தெரிந்த விஷயம். அன்றும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறு டப்பாக்கள் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தன.

தை மாதம் பேராசிரியர் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "இந்தம்மாவ அடுத்த வருஷத்துக்கும் வெச்சுக்கலாமா? கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்களே." நீங்கள் பக்கத்து அறையில் குழாயடியில் இருந்தீர்கள். கதவு திறந்துதான் கிடந்தது. தண்ணீர்ச் சத்தம் நின்றது. 'அது என் தப்பு சார், நான் அவசரப்பட்டு எழுதிட்டேன்' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொன்னால், ஏன் எழுதினாய் என்பார். ஆவி கலந்தது உனக்கே தெரியவில்லையா, இதற்கு முன்னால் ஒரே பெட்டியில் வைத்துச் செய்த சோதனையையெல்லாம் எப்படி நம்புவது என்று தோண்டுவார். என் ஆய்வேட்டில் பாதி அந்தப் பழைய சோதனைகள்மேல் நின்றுகொண்டிருந்தது. "உங்க இஷ்டம், சார்," என்றேன். சற்று நேரம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் மறுபடி கேட்டது.

பங்குனி முடிவில் நீங்கள் போனீர்கள். போகிற அன்று அலமாரியில் இருந்த குப்பிகள் எல்லாவற்றையும் துடைத்து, சீட்டு உரிந்தவற்றுக்குப் புதுச் சீட்டு எழுதி ஒட்டி, சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, "வர்றனுங்க மேடம். ஒடம்பப் பாத்துக்கங்க," என்றீர்கள். நான் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரிங்க்கா" என்றேன். நுண்ணோக்கியில் அப்போது எதுவும் வைத்திருக்கவில்லை.

ஆய்வேடு முடிந்தது. நன்றியுரையில் மின்வாரியத்தைத் தவிர எல்லாருடைய பெயரும் இருக்கிறது. உங்கள் பெயர் இல்லை. எழுதினால் அந்தக் குறிப்பேட்டு வரியும் அதுவும் ஒன்றோடொன்று பேசிவிடும் என்று பயந்தேன். பிறகு சேலத்தில் வேலை, கல்யாணம், பிள்ளைகள். ஏற்காட்டுக்கு எத்தனையோ தடவை வந்தேன். பிள்ளைகளைப் படகில் ஏற்றினேன், கரடியூர் காட்சிமுனையில் நிற்கவைத்துப் படமெடுத்தேன். கிளியூர் ரோடு பிரிகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் எனக்கு வேறு பக்கம் ஏதாவது வேலை இருந்தது. நேரில் வந்து மன்னிப்புக் கேட்பது இருக்கட்டும், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றுகூட யாரிடமும் விசாரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தத் தட்டைப் பார்த்த பிறகு என்னால் தள்ளிப்போட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினேன். இருபது வளைவிலும் உங்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீங்கள் திட்டினால் வாங்கிக்கொள்வது என்றும், சிரித்துவிட்டால் அழுதுவிடக் கூடாது என்றும் முடிவு செய்திருந்தேன். கிளியூரில் வீட்டை விசாரித்துப் போனால் உங்கள் வீட்டுக்காரர் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னமும் எஸ்டேட்டில் ஜீப்தான் ஓட்டுகிறாராம். நான் யாரென்று சொன்னதும் துணியைக் கீழே போட்டார்.

"வாங்க மேடம், வாங்க. உள்ள வாங்க. அது இருந்திருந்தா எம்புட்டு சந்தோசப்பட்டிருக்கும்," என்றார்.

இருந்திருந்தா. வாசற்படியில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றுவிட்டேன்.

"போன ஆகஸ்டுலீங்க. காச்சல்னு படுத்துச்சு. சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோமுங்க. ஒம்பதாம் நாளு போயிருச்சுங்க."

சேலம் ஆஸ்பத்திரி, அக்கா. என் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். ஒன்பது நாள் நீங்கள் அங்கே படுத்திருக்கிறீர்கள். நான் அந்தப் பக்கமாகத்தான் தினமும் காய்கறி வாங்கப் போகிறேன்.

அவர் காப்பி போட்டுக் கொடுத்தார். பிறகு, "உங்களுக்குக் காட்டோணுமுங்க," என்று என்னைச் சமையலறைக்குப் பின்னால் கூட்டிப் போனார். மர அலமாரியில் ஏழெட்டு டப்பாக்கள். உள்ளே விதைக்காக எடுத்து வைத்த அவரை, பீன்ஸ், ராகி. ஒவ்வொன்றின் மூடிக்கு அடியிலும் சின்னத் துணியில் கட்டிய பஞ்சு. ஏரிக்கரைக் கடைகளில் டூரிஸ்டுக்கு விற்கிற புல் தைலத்தை அதில் விடுவீர்களாம். டப்பாமேல் ஒட்டியிருந்த சீட்டில் உங்கள் குண்டு எழுத்து: ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு, நாலு சொட்டு, வைத்த நாள், மழை.

"மொளகுக்கு வெச்சா வாசம் ஏறிக்கும், யாவாரி வாங்க மாட்டான். வெதைக்கு வெச்சா யாரு மோந்து பாக்கப் போறாங்கன்னு சொல்லும்," என்றார். "நாலு சொட்டு வெச்சா பூஞ்ச வராது, ஆனா வெதையும் மொளைக்காதுங்க. ரெண்டுதான் சரியா வரும். அதக் கண்டுபுடிக்க மூணு வருசம் ஆச்சுங்க. ஒரே ஒரு டப்பாவுல மட்டும் ஒண்ணும் ஊத்தாது. இது எதுக்குடி வீணா, பூஞ்ச புடிச்சுப் போகுதுன்னு நான் சத்தம் போடுவேன். அதுதான் இருக்கறதுலயே முக்கியம்னு சொல்லிப்போடும்."

பிளஸ் டூ படித்தவர் நீங்கள். நான் ஒரு வருடம் செய்து பட்டம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்ட வேலையை நீங்கள் பதினேழு வருடம் செய்திருக்கிறீர்கள். விதை முளைக்கிறதா என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

"கிளியூர்ல பாதி ஊட்டுல இப்ப இப்படித்தானுங்க வெதைய வெக்கறாங்க," என்று அவர் சொன்னார். "எல்லாம் உங்க புண்ணியமுங்க, மேடம்."

"என் புண்ணியமா?"

"நீங்க கண்டுபுடிச்சதுதானுங்களே. ஊரு பூரா அப்படித்தான் சொல்லிக் குடுத்துச்சு. பெரிய படிப்புப் படிச்ச மேடம் மெசின்ல வெச்சுக் கண்டுபுடிச்சதுன்னு. நான் சொன்னா எவ கேப்பா, மேடம் சொன்னாங்கன்னா நாலு பேரு வெச்சுப் பாப்பாங்கன்னு சொல்லும்."

நீங்கள் என்னை மன்னித்துத்தான் அப்படிச் சொன்னீர்களா, இல்லை 'பிளஸ் டூ' என்று நான் சொன்ன அன்றே உங்கள் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற வழியைப் பார்த்தீர்களா? இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முதலாவதாக இருந்துவிடக் கூடாதா என்று ஆசைப்படுகிறேன். இனி யாரிடம் கேட்பது?

அவரை உட்காரச் சொன்னேன். பஸ்ஸில் உங்களுக்காகச் சொல்லிப் பார்த்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன். "அது நான் கண்டுபுடிச்சதில்லீங்க. உங்க ஊட்டுக்காரங்க கண்டுபுடிச்சது. அவங்க சொன்னப்ப நான் கேலி பண்ணுனேன். அவங்க மேல தப்புன்னு நோட்டுல எழுதி வெச்சேன். அவங்க வேலை போனதுக்கு நான்தானுங்க காரணம்."

அவர் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் லேசாகச் சிரித்தார். "ப்ராஜெக்ட் முடிஞ்சு போனதால வந்துட்டேன்னு அதுவே சொல்லிச்சுங்களே, மேடம். செத்தவளுக்குப் பேரு வரட்டும்னு இப்படிச் சொல்றீங்க. உங்களுக்கு நொம்பப் பெரிய மனசுங்க," என்றார்.

இல்லை என்றேன். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கண் கலங்கியதே தவிர ஒரு வார்த்தையைக்கூட அவர் நம்பவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, "இவுங்கதான் அந்த மேடம். பழியத் தாந் தலமேல போட்டுக்கிட்டு நம்ம ஊட்டுக்காரிக்குப் பேரு குடுக்கறாங்க, பாரு," என்றார். அந்தப் பெண் இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் விசாரித்தேன். பட்டம் கொடுத்து முடித்த ஆய்வேட்டில் ஒரு பெயரைச் சேர்க்க வழியில்லையாம். பேராசிரியர் ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "அதெல்லாம் பழைய கதைம்மா, விடு," என்றார். எந்த உதவியாளர் என்பதே அவருக்கு நினைவில் இல்லை. நேற்று மாணவர்களை உட்காரவைத்து உங்கள் பெயரைச் சொல்லி முழுக்கச் சொன்னேன். மேடம் எவ்வளவு தன்னடக்கம் என்று வெளியே போகும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது.

கிளியூரில் நான் இப்போது கும்பிடத்தக்க ஆள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான் மலையிலிருந்து இறங்கினேன், அதை வைத்துக்கொண்டுதான் இருக்கப் போகிறேன். திருப்பிக் கொடுக்கப் போனால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறார்கள். நான் செய்ததைச் செய்தேன் என்று சொன்னால் நம்பக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார், அக்கா. பதினேழு வருடம் அவர் ஒரு பஸ் தூரத்தில்தான் இருந்தார்.